வெள்ளிக்கிழமைக் கேள்விகள்

"உங்க மனைவி கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பாங்க?"

"சுவத்துப் பக்கம்."

"காலையில எழுந்ததும் என்ன குடிப்பாங்க?"

"காப்பி. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை."

இரண்டு கேள்விகளையும் கேட்டவன் அவன்தான், பதில் சொன்னவனும் அவன்தான். அடுத்தது அவள் முறை. "உங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காத காய் எது?" என்று கேட்டான். கடல் தாண்டி இருந்த அவன் மனைவி, வாய்ப்பாடு ஒப்பிக்கும் பள்ளிப் பிள்ளையின் குரலில் "கத்தரிக்காய்" என்றாள். சரியான பதில்தான். அவன் அடுத்த கேள்விக்குப் போனான்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அந்தக் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டது இப்படித்தான். அக்கா வீட்டின் பின்னறையில், துணி காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் இந்தக் கூத்தை நடத்துவான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் அக்கா புருஷன் இதைக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, பரீட்சை எப்போ முடியும்? ரிசல்ட் வர்றதுக்குள்ள எனக்கே எல்லாப் பதிலும் மனப்பாடம் ஆயிடும் போல," என்பார். அவர் சிரிப்பார். அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறந்தபோது அவனுக்கு வைத்த பெயரைப் பாஸ்போர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் மட்டும்தான் பயன்படுத்தின. மற்ற எல்லோருக்கும் அவன் ‘பல்செட்டு’. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்து அனுப்பும் அச்சைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, பளபளவென்று செட்டாகத் திருப்பி அனுப்பும் ஒரு லேப்பில் அவனுக்கு வேலை. ஊரில் பாதிப் பெரியவர்கள் சிரிப்பது இவன் கைவேலை. ஆனால் இவன் முகத்தைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. மேஜை, விளக்கு, பிளாஸ்டர் தூசி, இதுதான் அவன் உலகம். அதில் அவனுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். கல்யாணமான அடுத்த வருஷமே வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. "நான் முதல்ல போறேன், நீங்க பின்னாடியே வந்துடுங்க," என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். அந்தப் ‘பின்னாடியே’ எத்தனை நீளமானது என்று அன்றைக்கு இரண்டு பேருக்குமே தெரியாது.

பின்னாடியே போவதற்கு விசா வேண்டும். விசாவுக்குத் தூதரகத்தில் நேர்காணல் வேண்டும். புருஷன் பெண்டாட்டி என்று காகிதத்தில் மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பிடிப்பதற்காகவே அங்கே ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பார், குடைந்து குடைந்து கேட்பார் என்று விசா ஏஜென்ட் சொல்லியிருந்தார். அந்த ஏஜென்டுக்கு வாடிக்கையாளர்கள் வைத்திருந்த பெயர் ‘இதோவந்துடும்’. எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். அவர்தான், அவள் கிளம்புவதற்கு முன்பே, கணவன் மனைவி இரண்டு பேரையும் உட்காரவைத்து, எங்கே பார்த்துக்கொண்டார்கள், யார் சமைப்பார்கள், யார் குறட்டை விடுவார்கள் என்பதுவரை பக்கம் பக்கமாக எழுதி வாங்கி ஃபைலில் சேர்த்தவர்.

"ஃபைல்ல என்ன இருக்கோ அதுதான் வாய்ல வரணும். ஒரு எழுத்து மாறினாலும் சந்தேகம். சந்தேகம் வந்தா ஃபைல் க்ளோஸ். ரெண்டு பேரும் பழகிக்குங்க," என்றார் இதோவந்துடும்.

பழகிக்கொண்டார்கள். நேர்காணலுக்குத் தேதியும் வந்தது. பல்செட்டு அன்றிலிருந்தே பாதி விமானத்தில் இருந்தான். குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தான். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் தெரிந்தவர்களுக்குத் தள்ளிவிட்டான். லேப்பில் அவனுக்குக் கேக் வெட்டினார்கள். முதலாளியம்மா கண் கலங்கி, அவன் மேஜைக்கு அன்றைக்கே வேறொரு ஆளைப் போட்டார். இரண்டு பெட்டிகளோடு அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து, ஃபைலிலும் அந்த அட்ரஸையே கொடுத்தான். அக்காவிடம், "கொஞ்ச நாள்தான்க்கா," என்றான்.

அந்த வாரம் தொற்று ஊருக்குள் வந்தது. எல்லாம் மூடியது. நேர்காணல் ரத்து, மறு தேதி பின்னர் அறிவிக்கப்படும் என்று இரண்டே வரியில் ஒரு மின்னஞ்சல். மன்னிக்கவும் என்றுகூட அதில் இல்லை.

ஊரே மூடிக் கிடந்த நாட்களில் அவனுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. எல்லோருக்கும் வந்த கஷ்டம், நமக்கும் வந்தது என்று இருந்தான். வயிற்றெரிச்சல் தொடங்கியது எல்லாம் திறந்த பிறகுதான். கடை திறந்தது. பஸ் ஓடியது. சினிமாக் கொட்டகைகூடத் திறந்து, ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையில் ஆட்கள் உட்கார்ந்து கைதட்டினார்கள். தூதரகம் மட்டும் திறக்கவில்லை. இரும்புக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, எழுத்து அழிந்துபோனது. அழிந்த அறிவிப்பின் மேல் அதே அறிவிப்பைப் புதிதாக ஒட்டினார்கள். ஒட்டுவதற்கு ஆள் வர முடிகிறது, உள்ளே உட்கார்ந்து நாலு கேள்வி கேட்பதற்கு ஆள் வர முடியவில்லையா என்று அவன் காவலாளியிடம் கேட்டான்.

"நான் ஒட்டறதுக்குத்தான் சம்பளம் வாங்கறேன் சார்," என்றார் காவலாளி. அவரிடம் என்ன சண்டை போடுவது.

உதவி எண் ஒன்று இருந்தது. பெயர்தான் உதவி. கூப்பிட்டால் ஒரு பெண் குரல், அழைப்பு மிகவும் முக்கியம் என்று தேனாகச் சொல்லும். பிறகு ஒரு இசை. அந்த இசையைக் கேட்டுக்கொண்டே அவன் சாப்பிட்டிருக்கிறான், துணி துவைத்திருக்கிறான், ஒரு தடவை முடி வெட்டிக்கொண்டிருக்கிறான். இசை நின்றதும் லைனும் போய்விடும். "அவ்ளோ முக்கியம்னா எடுத்துத் தொலையேண்டி," என்று ஒருநாள் அந்தக் குரலைப் பார்த்துக் கத்தினான். அக்கா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். யார் அந்தப் பெண் என்று அவளுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஃபைலுக்குள் இருந்த காகிதங்களுக்கும் ஆயுள் உண்டு. உடம்பு நன்றாக இருக்கிறது என்ற சான்றிதழ் ஒன்று, இவன் குற்றவாளி இல்லை என்ற போலீஸ் சான்றிதழ் ஒன்று. உடம்புச் சான்றிதழைப் புதுப்பித்து வந்தால் போலீஸ் சான்றிதழ் செத்துப்போயிருக்கும். அதற்கு உயிர் கொடுத்துவிட்டு வந்தால் இது மூச்சை விட்டிருக்கும். திரும்பத் திரும்ப மார்பை எக்ஸ்ரே எடுத்து எடுத்து, அந்த எக்ஸ்ரேயாலேயே ஏதாவது வந்துவிடப்போகிறது என்று அவன் பயந்தான். போலீஸ் ஸ்டேஷன் ஜன்னலில் இருந்தவருக்கு அவன் முகம் முகக்கவசத்தோடேயே பழகிவிட்டது.

"மறுபடியுமா? இன்னும் ஒரு குத்தமும் பண்ணலையா நீ?"

"இல்ல சார்."

"இத்தனை வருஷம் காத்திருந்தும் யாரையும் அடிக்கலைன்னா நீ நல்லவன்தான்," என்று சொல்லி முத்திரை குத்தினார். அந்த முத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, யாரையாவது அடித்தால் நன்றாக இருக்கும் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

இதோவந்துடுமைப் பார்க்கப் போனால் அவர் ஆபீஸ் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு உள்ளே குனிந்து உட்கார்ந்திருப்பார். "தம்பி, வர்ற மாசம் திறந்துடுவாங்க. இதோ வந்துடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. எதையும் மாத்திடாதீங்க. அட்ரஸ் மாத்தாதீங்க, வேலை மாத்தாதீங்க, போட்டோல மீசை இருந்தா மீசையை எடுக்காதீங்க. எப்போ கூப்பிட்டாலும் ஃபைல்ல இருக்கற ஆளாவே போய் நிக்கணும்."

அவனும் அப்படியே நின்றான். இதுதான் அவன் செய்த தப்பு. அவன் நிலைமையில் இருக்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. லேப்பில் திரும்பச் சேர்ந்தபோது அவன் மேஜை போயிருந்தது. பிளாஸ்டர் அறுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், தண்ணீர் தெறிக்கும் மூலையில் இடம் கிடைத்தது. புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு அவனைப் பொறுப்பாகப் போடலாம் என்று முதலாளியம்மா கூப்பிட்டுச் சொன்னார். வேண்டாம் என்றான். ஃபைலில் டெக்னீஷியன் என்று இருக்கிறது, பொறுப்பாளர் என்று ஆகிவிட்டால் வம்பு. அந்த அம்மா அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். அக்கா வீட்டில் கூட்டம் அதிகமாகி, பக்கத்துத் தெருவில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று மாமா நயமாகச் சொல்லிப் பார்த்தார். அட்ரஸ் மாறிவிடும் என்றான். மீசை அவனுக்கே பிடிக்கவில்லை, முகக்கவசத்துக்குள் வேர்த்து அரித்தது. எடுக்கவில்லை. பெட்டிகளைப் பிரிக்கவும் இல்லை. வேண்டிய சட்டையை மட்டும் பெட்டி ஓரத்திலிருந்து உருவி எடுத்துப் போட்டுக்கொள்வான்.

வெள்ளிக்கிழமைக் கேள்விகளையும் விடவில்லை. முதலில் கேள்விகள் முடிந்த பிறகு கொஞ்சம் பேசுவார்கள். பிறகு கேள்விகள் மட்டும் மிஞ்சின. பிசகாமல் பதில் வந்தால் அவனுக்கு நிம்மதி. பதில் தடுமாறினால், "கவனம் எங்க இருக்கு உனக்கு?" என்று கடிந்துகொள்வான். நெட் சரியில்லை என்று அவள் எப்போதோ வீடியோவை நிறுத்தினாள். அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேர்காணலில் வீடியோவா இருக்கப்போகிறது?

இப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு லேப்பில் மூன்று செட்டுகள் வாயில் பொருந்தவில்லை என்று திரும்பி வந்திருந்தன. எரிச்சலோடுதான் போனை எடுத்தான். வழக்கம் போலப் பக்கம், காப்பி, கத்தரிக்காய் என்று போய்க்கொண்டிருந்தது.

"காப்பியில எத்தனை ஸ்பூன் சர்க்கரை?" என்றான்.

மறுமுனையில் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"கேக்குதா? எத்தனை ஸ்பூன்?"

"நான் காப்பி குடிக்கறதில்லைங்க," என்றாள் அவள்.

"ஃபைல்ல காப்பின்னு இருக்கு."

"ஃபைல்ல இருக்கலாம். எனக்கு வாசனை வந்தாலே குமட்டுது. வெந்நீர்தான் குடிக்கறேன். போன வருஷம் காய்ச்சல் வந்ததுல இருந்து இப்படித்தான்."

"எந்தக் காய்ச்சல்?"

எந்தக் காய்ச்சல் என்று அவள் சொன்னாள். ஊரையெல்லாம் மூட வைத்த அதே காய்ச்சல்தான். வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே அவளைப் படுக்கவைத்தார்கள். மூக்கில் குழாய் வைத்தார்கள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, அப்புறம் கிராப்பாக வெட்டிக்கொண்டாள். வீடியோவை நிறுத்தியது நெட்டுக்காக இல்லை.

அவன் கொடிக்குக் கீழிருந்து எழுந்துவிட்டான். "இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினான். "நான் யாரு உனக்கு? மூணாம் மனுஷனா? எல்லாத்தையும் மறைச்சு வெச்சிருக்கே!"

"மறைக்கலைங்க. அந்த வெள்ளிக்கிழமையும் போன் பண்ணீங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டுத்தான் பேசினேன். ஏன் மூச்சு வாங்குதுன்னு கேட்டீங்க. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, மாடி ஏறி வந்தேன்னேன். ‘சரி, ஒண்ணாம் கேள்வி’ன்னுட்டீங்க."

அதோடு அவள் போனை வைத்துவிட்டாள். அவன் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்க வேண்டும். கை போனை எடுத்தது, ஆனால் என்னிடம் சொல்லவில்லையே என்ற வீம்பு குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. கோபம் அவள் மேலா, தன் மேலா, இரும்புக் கதவு போட்டுப் பூட்டிக்கொண்டவர்கள் மேலா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போன் போகவும் இல்லை, வரவும் இல்லை. மாமா பின்னறையை எட்டிப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, பரீட்சை லீவா?" என்றார். அவன் பார்த்த பார்வையில் அவர் தலையை இழுத்துக்கொண்டார்.

லேப்பில் செட்டுகள் திரும்பி வருவது நிற்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். க்ளினிக்குகள் மூடுவதற்கு முன்னால் எடுத்த அச்சுகள் அலமாரி நிறையக் கிடந்தன. புதிய அச்சு எடுக்க ஆட்கள் வரப் பயந்ததால், பழைய அச்சை வைத்தே வேலையை முடித்து அனுப்பச் சொன்னார்கள் டாக்டர்கள். பல் இல்லாத ஈறு சும்மா இருக்காது, மாதா மாதம் வற்றிக்கொண்டே போகும். பழைய அச்சுக்கு எவ்வளவு அழகாகச் செய்தாலும் புதிய வாயில் உட்காராது. அப்படி ஒருநாள், ஓய்வுபெற்ற வாத்தியாரம்மா ஒருவர் டாக்டரை நம்பாமல் லேப்புக்கே நேரில் வந்துவிட்டார். செட்டை டப்பாவோடு அவன் மேஜை மேல் வைத்தார்.

"பல்லு லட்சணமாத்தான் இருக்கு தம்பி. குத்தம் சொல்லல. ஆனா இது எனக்கு இல்ல, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்தாளே ஒருத்தி, அவளுக்குச் செஞ்சது," என்றார்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பான். அன்றைக்கு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து வெறுமனே கையைக் கழுவிக்கொண்டு நின்றான். பழைய அச்சு இன்றைய வாயில் உட்காராது என்பது தினமும் பத்துச் செட்டில் பார்க்கிற பாடம். தன் வீட்டு விஷயத்தில் மட்டும் மண்டையில் ஏறவில்லை என்றால் அவனை என்னவென்று சொல்வது?

அன்று மாலையே மின்னஞ்சல் வந்தது. நேர்காணல் நாளை மறுநாள் காலை. இத்தனை காலம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்துவிட்டு, இப்போது மூச்சு விட நேரம் கொடுக்காமல் கூப்பிடுகிறார்கள். இதோவந்துடும் போனிலேயே துள்ளினார். "நான்தான் சொன்னேனே!" என்றார். மனைவிக்கு அவன் தேதியையும் நேரத்தையும் மட்டும் செய்தியாக அனுப்பினான். ‘சரி’ என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அந்த ஒற்றை வார்த்தை இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று சொல்கிறதா, நல்லபடியாகப் போய்விட்டு வா என்று சொல்கிறதா என்று பார்த்துப் பார்த்து அவன் கண்தான் வலித்தது.

தூதரகத்துக்குள் இருக்கைகளில் பாதிக்கு மேல் குறுக்கே நாடா ஒட்டியிருந்தார்கள். உட்காரக் கூடாத இருக்கைகள் காலியாக இருந்தன, ஆட்கள் நின்றார்கள். அவன் முறை வந்தபோது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அதிகாரி, அவர் பக்கத்தில் மொழிபெயர்க்கும் அம்மா. இரண்டு பேருக்கும் முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான். அதிகாரி தன் மொழியில் ஏதோ சொன்னார்.

"உங்க மனைவி காலையில எழுந்ததும் என்ன குடிப்பாங்க?" என்றார் அந்த அம்மா.

எத்தனை வெள்ளிக்கிழமைகள் ஒப்பித்த பதில்! தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் வரும். வாயைத் திறந்தான். வரவில்லை.

"வெந்நீர்," என்றான். "முன்னாடி காப்பி. ஃபைல்ல அப்படித்தான் இருக்கும். போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில இருந்தா. அதுக்கப்புறம் காப்பி ஆகறதில்ல."

அதிகாரி ஃபைலைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு மேஜை மேல் இருந்த போனை எடுத்து எண்களை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டார். நீங்கள் பேசக் கூடாது என்று மொழிபெயர்க்கும் அம்மா விரலை உதட்டுப் பக்கம் காட்டினார். மணி அடித்தது. அவன் மனைவி எடுத்தாள். தூதரகத்திலிருந்து என்றதும் அவள் குரல் நிமிர்ந்து உட்கார்ந்ததுகூட அவனுக்குக் கேட்டது.

"காலையில எழுந்ததும் என்ன குடிப்பீங்கம்மா?"

"காப்பி. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"போன வருஷம் உடம்பு ஏதாவது சரியில்லாமப் போச்சா?"

"இல்லையே. நல்லாத்தான் இருக்கேன். ஒரு தலைவலிகூட வந்ததில்ல."

போச்சு. எல்லாம் போச்சு. அதிகாரியின் பேனா காகிதத்தை நோக்கி இறங்குவதைப் பார்த்ததும், இத்தனை நாள் எங்கெங்கோ அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டது.

"பொய் சொல்லாதே!" என்று கண்ணாடியைத் தட்டிக் கத்தினான்.

"ஐயோ, நீங்க அங்கயா இருக்கீங்க?"

"எதிர்லயேதான் நிக்கறேன். மூக்குல குழாயோட கெடந்தது தலைவலியா? வெந்நீர்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"ஃபைல்ல காப்பின்னுதானே இருக்கு! வாய் மாறக் கூடாது, வாய் மாறக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா உயிரை எடுத்தீங்களே! இப்போ நீங்களே மாத்திச் சொல்லிட்டீங்களா?"

"உண்மையைச் சொன்னேன்."

"அதை எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? தேதியை மட்டும் அனுப்பினா நான் என்னத்தைக் கண்டேன்? பாவம், இந்த மனுஷன் இதையே நம்பிக்கிட்டு இருக்காரு, நம்மளால கெட்டுடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காப்பின்னு சொன்னேன்!"

"நீ பேசினியா? ‘சரி’ன்னு ஒத்தை வார்த்தை அனுப்பினே!"

"கத்தினது யாரு? உடம்பு முடியாம இருந்தேன்னு சொல்றவகிட்ட ‘ஏன் சொல்லல’ன்னு கத்தினது யாரு?"

"பயந்துபோய்க் கத்தினேன்!"

"பயந்தா கத்துவாங்களா? கூப்பிட்டுப் பேசுவாங்க. போய்யா! விசாவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

மொழிபெயர்க்கும் அம்மா முதல் நாலு வரிவரை ஈடுகொடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு விட்டுவிட்டார். தன் பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு, தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிற ஆள் மாதிரி அவனையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அதிகாரி அவர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். அவர் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னார். அதிகாரி ஃபைலை மூடினார். பிறகு அவன் பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் பக்கத்துத் தட்டில் போட்டுவிட்டு, ஒரு வாக்கியம் சொன்னார்.

"மீதிச் சண்டையை அங்க போய் நேர்ல போட்டுக்கச் சொல்றார்," என்றார் அந்த அம்மா. "விசா குத்தி அனுப்பிடுவாங்க. நீங்க போகலாம். அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான். ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, ஆனால் படிக்கட்டில் இறங்கும்போது அவனுக்கு வந்தது ஆத்திரம்தான். இதற்காகவா? இந்தப் பத்து நிமிஷத்துக்காகவா வீட்டை விட்டு, மேஜையை விட்டு, பெட்டியைப் பிரிக்காமல், மீசையை அரித்துக்கொண்டு கிடந்தது?

வெளியே வரிசையில் நின்றவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே போய்விட்டு வருகிற யாரையும் அவர்கள் சும்மா விடுவதில்லை.

"என்ன கேட்டாங்க சார்? எத்தனை கேள்வி?"

"பெரிசா ஒண்ணும் கேக்கல. நாங்க சண்டை போட்டோம், அவர் உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தார்," என்றான்.

யாரும் நம்பவில்லை. போட்டி அதிகமாகிவிடும் என்று மறைக்கிறான் என்பது போல ஒருத்தர் உதட்டைப் பிதுக்கினார். கையில் காகிதம் வைத்திருந்த ஒரு பெண் மட்டும், "என்ன விஷயமா சண்டை போட்டீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ளத் தயாரானாள். அவன் அவர்களை விலக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, மனைவியைக் கூப்பிட்டான். அவள் உடனே எடுத்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"கிடைச்சிடுச்சு," என்றான்.

"சொன்னாங்க. லைன்ல இருந்தேனே. இப்போ உங்களுக்குச் சந்தோஷமா?"

ஒரு பஸ் போனது. அந்தச் சத்தம் அடங்கியதும், இத்தனை மாதங்களில் ஒருமுறைகூடக் கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"அந்த ஆஸ்பத்திரியில உன் பக்கத்துல யார் இருந்தாங்க?"

"யாரும் இல்லைங்க," என்றாள் அவள்.